மெட்டு ஒன்று, முடிவு இரண்டு: 'லே மிசெராப்ல்' இசைநாடகத்தில் ஜாவரின் நோக்கமும் உள்முரணும்

ஆய்வுச்சுருக்கம்

விக்டர் ஹியூகோவின் 'லே மிசெராப்ல்' நாவலைத் தழுவி உருவான இசைநாடகத்தில் எதிர்நிலைப் பாத்திரமாக வருபவர் காவல் அதிகாரி ஜாவர். பேராசை, பழிவாங்கும் வெறி, இன்பவேட்கை ஆகிய வழக்கமான தீய நோக்கங்களுள் ஒன்றும் இவரிடம் இல்லை. ஆயினும் இவரால் விளையும் துன்பம் பெரிது. இந்த முரணை இசைநாடகம் எவ்வாறு விளக்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஜாவரின் நோக்கம் அவருடைய பாடல்களின் சொற்களில் வெளிப்படுகிறது. அவருடைய உள்முரணோ நாயகனுக்குரிய மெட்டு அவரிடம் மீண்டும் வரும் இடத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இசைநாடகம், எதிர்நிலைப் பாத்திரம், ஜாவர், உள்முரண், மெட்டின் மீள்வருகை, மன்னிப்பு.

முன்னுரை

நாடகத்தில் நாயகனை எதிர்ப்பவன் தீயவனாக இருத்தல் வேண்டும் என்பது பார்வையாளரின் பொதுவான எதிர்பார்ப்பு. தீமைக்குக் காரணம் காட்டப்பட்டுவிட்டால் அப்பாத்திரம் புரிந்துவிட்டதாகக் கருதுகிறோம். சொத்துக்காகக் கொன்றான், பெண்ணுக்காகப் பகைத்தான், அவமானத்திற்காகப் பழிவாங்கினான் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். அவ்வாறு ஒரு வரியில் அடங்காத எதிர்நிலைப் பாத்திரங்களே ஆய்வுக்குரியன. ஜாவர் அத்தகைய பாத்திரம். அவர் கையூட்டு வாங்குவதில்லை, பொய் சொல்வதில்லை, தமக்கென ஒன்றையும் விரும்புவதில்லை. தம் கடமையை மட்டுமே செய்கிறார். அந்தக் கடமையே ஒரு மனிதனைப் பல ஆண்டுகள் துரத்துகிறது. இறந்துகொண்டிருக்கும் ஒரு தாயின் இறுதி நேரத்தைக் கலைக்கிறது. முடிவில் ஜாவரையே கொல்கிறது. தீய எண்ணம் இல்லாத இடத்தில் தீமை எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாவை இப்பாத்திரம் எழுப்புகிறது.

இசைநாடகத்தின் பின்னணி

ஹியூகோவின் நாவல் 1862ஆம் ஆண்டு வெளிவந்தது. கிளோத்-மிஷேல் ஷோன்பெர்க் இசையமைக்க, அலன் பூப்லிலும் ழான்-மார்க் நத்தெலும் பிரெஞ்சு மொழியில் பாடல்கள் எழுத, அந்நாவல் 1980இல் பாரிசில் இசைநாடகமாக மேடையேறியது. ஹெர்பர்ட் கிரெட்ஸ்மரின் ஆங்கிலப் பாடல்களுடன், டிரெவர் நன், ஜான் கெயர்ட் ஆகியோரின் இயக்கத்தில் 1985 அக்டோபரில் இலண்டன் பார்பிகன் அரங்கில் அது புதிய வடிவம் பெற்றது. இன்று உலகெங்கும் நிகழ்த்தப்படுவது இந்த இலண்டன் வடிவத்தின் வழிவந்ததே. இலண்டனில் ஜாவராக முதலில் நடித்தவர் ரோஜர் அலம். ழான் வல்ழானாக நடித்தவர் கோம் வில்கின்சன்.

இந்நாடகத்தில் உரையாடலும் ஏறத்தாழ முழுவதும் பாடலாகவே அமைந்துள்ளது. இது ஆய்வுக்கு இன்றியமையாத செய்தி. உரைநடை நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் மனத்தை அறியச் சொல்லும் செயலுமே சான்று. முழுதும் பாடப்படும் நாடகத்திலோ மூன்றாவது சான்று ஒன்றும் உண்டு. ஒரு பாத்திரம் எந்த மெட்டில் பாடுகிறது, அந்த மெட்டு முன்னர் யாருக்கு உரியதாக இருந்தது என்பதே அச்சான்று. பாத்திரம் தானே அறியாத ஒன்றையும் மெட்டு அறிவித்துவிடும்.

நோக்கத்தின் வேர்

கதை 1815இல் தூலோன் சிறையில் தொடங்குகிறது. ரொட்டி திருடியதற்காக 5 ஆண்டு, தப்பியோட முயன்றதற்காக மேலும் 14 ஆண்டு என 19 ஆண்டுகள் சிறையிலிருந்த ழான் வல்ழான் நிபந்தனையுடன் விடுவிக்கப்படுகிறான். ஜாவர் அவனை 24601 என்னும் எண்ணால் அழைக்கிறார். அவன் தன் பெயரைச் சொல்கிறான். ஜாவர் தம் பெயரைச் சொல்லி, அதை மறவாதே என எச்சரித்து, மீண்டும் எண்ணாலேயே அவனை விளிக்கிறார். பெயர் சட்டத்தின் பக்கம் நிற்பவர்க்கு மட்டுமே உரியது என்னும் அவருடைய நம்பிக்கை இந்தச் சிறு உரையாடலிலேயே தெளிவாகிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை 1823இல் நிகழும் காட்சியில் கிடைக்கிறது. அப்போது வல்ழான் வேறொரு பெயரில் ஒரு நகரின் மேயராக இருக்கிறான். தொழிற்சாலை வேலையை இழந்து, மகளைக் காப்பதற்காகத் தன் கூந்தலையும் பின்னர் தன்னையுமே விற்க நேர்ந்த ஃபான்டீன் மருத்துவமனையில் உயிர்விடுகிறாள். அவளுடைய படுக்கையருகே வல்ழானும் ஜாவரும் எதிர்ப்படுகின்றனர். குழந்தையை மீட்டுவர மூன்று நாள் அவகாசம் கேட்கிறான் வல்ழான், ஜாவர் மறுக்கிறார். அந்த வாக்குவாதத்தின் நடுவே, தாம் சிறைக்குள் பிறந்தவர் என்றும், வல்ழானைப் போன்றவர்களின் நடுவிலிருந்தே வந்தவர் என்றும் ஜாவர் வெளிப்படுத்துகிறார்.

நாவல் இதனை விரிவாகச் சொல்கிறது. சீட்டுப் பார்த்துக் குறி சொல்லும் தாய்க்குச் சிறையில் பிறந்தவர் ஜாவர். தந்தையும் தண்டனைக் கைதி. சமூகம் இருவகையினரைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது என்பது அவர் கண்டறிந்த உண்மை. ஒரு வகையினர் சமூகத்தைத் தாக்குவோர். மற்றொரு வகையினர் அதைக் காவல் காப்போர். பிறப்பால் வெளியே நிற்பவர்க்கு இந்த இரண்டில் ஒன்றே வாய்க்கும் என்று கருதிய அவர் காவலைத் தேர்ந்தெடுத்தார்.

ஆகவே ஜாவரின் கடுமை மேலிருந்து கீழ்நோக்கி வரும் செருக்கு அன்று. தான் ஏறிவந்த பள்ளத்தைத் திரும்பிப் பார்க்க அஞ்சுபவனின் கடுமை. வல்ழான் திருந்தியவன் என்று ஒப்புக்கொண்டால், தம் பெற்றோரும் திருந்தியிருக்கக்கூடும், அவர்களை வெறுத்து ஒதுக்கியது தேவையற்றது என்றாகிவிடும். மனிதர் மாறுவதில்லை என்று அவர் வலியுறுத்துவது வல்ழானைப் பற்றிய தீர்ப்பு மட்டுமன்று. தம் வாழ்க்கையைத் தமக்கே நியாயப்படுத்திக்கொள்ளும் வாதமும் ஆகும். வல்ழானைத் துரத்துவதை அவரால் நிறுத்த இயலாமைக்குக் காரணம் இதுவே.

அக்காட்சியின் இசையமைப்பும் கருதத்தக்கது. இருவரும் ஒருவர் மீது ஒருவராக ஒரே நேரத்தில் பாடுகின்றனர். முடிவில் இருவர் வாயிலும் வருவது ஒரே உறுதிமொழி. ஒருவன் குழந்தைக்குத் துணையிருப்பதாகச் சூளுரைக்கிறான்; மற்றவர் அவனைத் தேடி வந்தே தீர்வதாகச் சூளுரைக்கிறார். சொற்கள் ஒன்று, அவை யாருக்குச் சொல்லப்படுகின்றன என்பதே வேறு. வாக்குத் தவறாமை இருவர்க்கும் பொதுப்பண்பு என்பதை நாடகம் இங்கே நிறுவிவிடுகிறது.

விண்மீன்கள்: நம்பிக்கையின் வடிவம்

ஜாவருக்குரிய 'விண்மீன்கள்' என்னும் தனிப்பாடல் 1980ஆம் ஆண்டுப் பாரிஸ் வடிவத்தில் இல்லை; இலண்டன் வடிவத்திற்காகச் சேர்க்கப்பட்டது. இச்சேர்க்கை பாத்திரத்தின் தன்மையையே மாற்றியது. துரத்துபவராக மட்டும் தெரியக்கூடியவர் வழிபடுபவராகவும் தெரிகிறார்.

இரவு வானத்தை நோக்கி அவர் பாடுகிறார். விண்மீன்கள் எண்ணற்றவை; ஆயினும் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கிறது; தன் பருவத்தில் திரும்ப வருகிறது; இடம் தவறி விழுவது எரிந்து அழிகிறது. அவர் வியப்பது விண்மீன்களின் அழகை அன்று, அவற்றின் ஒழுங்கை. அந்த ஒழுங்கைப் படைத்த இறைவனே தம்மைத் தூண்டுகிறான் என்றும் நம்புகிறார். மெட்டும் அதற்கேற்ப அமைதியும் விரிவும் கொண்டது. சினமோ குரோதமோ அதில் இல்லை. நாடகத்தின் அழகிய மெட்டுகளுள் ஒன்றை எதிர்நிலைப் பாத்திரத்திற்கு அளித்ததன் பயன், பார்வையாளர் அவரோடு சேர்ந்து வானத்தைப் பார்க்க நேர்வதே ஆகும்.

இப்பாடலில் அவர் தம் தீர்ப்பையும் அறியாமலே எழுதிவிடுகிறார். தவறுவோரும் விழுவோரும் விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவர் விதி. அவ்விதியில் தமக்கென விலக்கு ஏதும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. நாவலிலும் இப்பண்பு காணப்படுகிறது. மேயர்மீது தவறாகக் குற்றம் சாட்டிவிட்டதாகக் கருதும் ஜாவர், தம்மைப் பணியிலிருந்து நீக்குமாறு அந்த மேயரிடமே கேட்கிறார். பிறர்க்கு ஒரு நீதி, தமக்கு ஒரு நீதி என்பது அவரிடம் இல்லை. அவரை மதிக்கத் தூண்டுவதும் இதுவே, அழிப்பதும் இதுவே.

தெனார்தியே: தீமையை அளக்கும் கோல்

ஜாவரைத் தீயவர் என்று சொல்லத் தயங்குவதற்கு நாடகத்திலேயே இன்னொரு காரணம் உண்டு. அது விடுதிக்காரன் தெனார்தியே. குழந்தையை அடிமையாக நடத்துபவன், விருந்தினரைக் கொள்ளையடிப்பவன், இறந்தோர் உடலிலிருந்து பொருளைத் திருடுபவன் அவன். அவனுடைய பாடல்கள் நகைச்சுவையானவை. பார்வையாளர் சிரித்து மகிழ்கின்றனர். கதையின் முடிவில் அவன் உயிரோடும் உற்சாகத்தோடும் இருக்கிறான்.

பாதாளச் சாக்கடையில் பிணங்களுக்கிடையே பாடும்போது தெனார்தியேயும் வானத்தை நோக்குகிறான். அவனுக்கு அங்கே நிலவைத் தவிர யாரும் தென்படவில்லை. எனவே எதையும் செய்யலாம் என முடிவுசெய்கிறான். ஜாவருக்கோ அதே வானம் முழுவதும் கட்டளை. மேலே ஒன்றும் இல்லை என்று கண்டவன் பிழைத்துக்கொள்கிறான்; மேலே ஒழுங்கு உண்டு என்று நம்பியவர் மாள்கிறார். தீமையின் உருவமாகத் தெனார்தியேயையும், நன்மையின் தவறிய வடிவமாக ஜாவரையும் நாடகம் தனித்தனியே வைத்திருப்பது இதனால் புலனாகிறது.

உள்முரணின் தோற்றம்: மன்னிப்பு

1832 ஜூன் மாதப் பாரிஸ் கிளர்ச்சியில் ஜாவர் வேவுபார்க்கத் தடுப்பரணுக்குள் நுழைகிறார்; அகப்படுகிறார். அவரைக் கொல்லும் பொறுப்பு வல்ழானிடம் ஒப்படைக்கப்படுகிறது. வல்ழான் கட்டை அவிழ்த்து அவரைப் போகச் சொல்கிறான்.

இங்கு ஜாவரின் முதல் எதிர்வினை நன்றியன்று, ஐயம். உயிருக்கு உயிர் என்னும் பேரத்தை வல்ழான் முன்வைப்பதாகவே அவர் எண்ணுகிறார். குற்றத்திற்குத் தண்டனை, கடமைக்கு ஊதியம் எனக் கொடுக்கல் வாங்கலாக மட்டுமே அறத்தை அறிந்தவர்க்கு, ஈடு கேளாத கொடை விளங்குவதில்லை. வல்ழானோ நிபந்தனை எதுவும் இல்லை என்கிறான். ஜாவர்மீது தனக்குக் குறையேதும் இல்லை, அவர் தம் கடமையையே செய்தார் என்றும் சொல்கிறான். ஜாவரை உண்மையில் தாக்குவது இச்சொல்லே. கடமை தவறாதவர் என்ற சான்றை அவருக்கு அளிப்பவன், அவர் வாழ்நாள் முழுவதும் குற்றவாளி என்று துரத்திய மனிதன்.

அடுத்த சந்திப்பு சாக்கடை வாயிலில் நிகழ்கிறது. காயமுற்ற இளைஞன் மரியஸைத் தோளில் சுமந்து வெளிவரும் வல்ழான் ஒரு மணிநேர அவகாசம் கேட்கிறான். முன்பு மூன்று நாள் கேட்டபோது மறுத்தவர் இப்போது வழிவிடுகிறார். கீழே பார்க்குமாறு வல்ழான் அவரிடம் சொல்கிறான். நாடகத்தின் தொடக்கத்தில் சிறைக்கைதிகள் தலைகுனிந்து கீழே பார்க்குமாறு பாடிய அதே சொல் இது. வானத்தை மட்டுமே பார்த்துப் பழகிய அதிகாரி முதன்முறையாகக் கீழே, சாகக்கிடக்கும் ஒருவனைப் பார்க்கிறார். அவனைக் கொண்டுபோகுமாறு விடையளிக்கும்போது வல்ழானைப் பெயரால் அழைக்கிறார். அடுத்த அடியிலேயே காத்திருப்பதாகச் சொல்லி 24601 என்கிறார். ஒரே மூச்சில் பெயரும் எண்ணும் வருகின்றன. உள்முரண் வெளிப்படையாகத் தலைகாட்டும் இடம் இதுவே.

ஒரே மெட்டு, இரு முடிவு

செய்ன் ஆற்றின் பாலத்தில் ஜாவர் பாடும் இறுதித் தனிமொழி புதிய மெட்டன்று. நாடகத்தின் தொடக்கத்தில் வல்ழான் பாடிய தனிமொழியின் மெட்டே அது. அந்த முதற்பாடலின் சூழலை நினைவுகொள்ள வேண்டும். தனக்கு இடமளித்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடிய வல்ழான் காவலரிடம் பிடிபடுகிறான். ஆயர் அவை தாம் அளித்தவை என்று சொல்லி அவனைக் காப்பாற்றி, வெள்ளி விளக்குத்தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். எதிர்பாராத அம்மன்னிப்பால் நிலைகுலைந்த வல்ழான் அந்த மெட்டில் தன்னைத் தானே விசாரிக்கிறான்.

இப்போது எதிர்பாராத மன்னிப்பால் நிலைகுலைந்த ஜாவர் அதே மெட்டில் தம்மை விசாரிக்கிறார். சில அடிகளில் சொற்களும் ஏறத்தாழ அவையே. எட்டிப் பிடிக்க முயன்று விழும் நிலையை இருவரும் பாடுகின்றனர்; வல்ழானின் உலகிலிருந்து தப்பிச்செல்வதாக இருவரும் பாடுகின்றனர். வல்ழானுக்கு அத்தொடரின் பொருள் பழைய தன்னைத் துறத்தல். அவன் தன் அடையாளச் சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய வாழ்வைத் தொடங்குகிறான். ஜாவருக்கு அதன் பொருள், மன்னிப்புக்கு இடமுள்ள உலகில் தாம் வாழ இயலாது என்பது. அவர் நம்பிய விண்மீன்கள் ஒளியிழந்து தோன்றுகின்றன. அவர் ஆற்றில் விழுகிறார்.

பார்வையாளர் அந்த மெட்டை முன்பே கேட்டிருக்கின்றனர். அது எங்கே கொண்டுசெல்லும் என்பதையும் அறிந்திருக்கின்றனர். எனவே ஜாவர் பாடத் தொடங்கியதும் மீட்சியின் வழி அவர்க்கும் திறந்திருப்பதை இசை அறிவித்துவிடுகிறது. அவர் மட்டும் அதனைக் கேட்கவில்லை. தம் வாழ்நாளெல்லாம் தம்மினும் வேறானவன் என்று கருதிய மனிதனின் பாட்டைத் தாம் பாடிக்கொண்டிருப்பதை அவர் அறியார். அவலம் சொல்லிலும் இல்லை, வீழ்ச்சியிலும் இல்லை. இந்த அறியாமையில் இருக்கிறது.

ஏன் ஒருவன் மீண்டான், மற்றவர் மீளவில்லை? வல்ழான் தன்னைக் குற்றவாளி என்று அறிந்தவன். அவனுக்கு மன்னிப்பு தேவையாக இருந்தது. ஜாவர் ஒருநாளும் தவறாதவர். மன்னிப்பைப் பெறும் பழக்கமே அவர்க்கு இல்லை. வல்ழானைப் பிடித்தால் உயிர் தந்தவனுக்குத் துரோகம். விட்டால் சட்டத்திற்குத் துரோகம். இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாம் வழி ஒன்று உண்டெனக் கருதும் திறனை அவர் வளர்த்துக்கொள்ளவே இல்லை.

நாவலிலிருந்து விலகும் இடம்

நாவலில் ஜாவரின் இறுதி மனப்போராட்டத்தை ஆசிரியர் கூற்றாக ஹியூகோ விரிக்கிறார். தடம்புரண்ட தொடர்வண்டி போன்றவர் ஜாவர் என்பது அப்பகுதியின் உருவகம். அதுவரை மேலதிகாரிகளை மட்டுமே அறிந்திருந்தவர், இறைவன் என்னும் மேலதிகாரியை அன்றுதான் உணர்கிறார். அவரிடம் பணிவிலகல் தரும் வழியாகவே சாவைக் காண்கிறார். இசைநாடகத்தின் ஜாவரோ தொடக்கம் முதலே இறைவனை அறிந்தவர். அவன் பெயராலேயே துரத்துபவர். நாவலில் இறைவனைப் புதிதாகக் கண்டதால் நேரும் வீழ்ச்சி, நாடகத்தில் இறைவனைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நேரும் வீழ்ச்சியாக மாறியுள்ளது.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. நாவலில் ஜாவர் இறப்பதற்கு முன் காவல் நிலையத்தில் அமர்ந்து நிர்வாகக் குறிப்பு ஒன்று எழுதுகிறார். விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனையிடும்போது வெறுங்காலுடன் கல்தளத்தில் நிற்கவைக்கின்றனர், அதனால் பலர் இருமலுக்கு ஆளாகின்றனர் என்பது போன்ற செய்திகள் அதில் உள்ளன. அலுவலக மொழியைத் தவிர வேறு மொழி அறியாத ஒருவரின் இரக்கம் அலுவலகக் குறிப்பாகவே வெளிப்படுகிறது. பாட்டாக மாற்றுவதற்கு அரிய அப்பகுதி இசைநாடகத்தில் இடம்பெறவில்லை.

தமிழில் ஜாவர்

இப்பாத்திரம் தமிழர்க்குப் புதியதன்று. ஹியூகோவின் நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்னும் பெயரில் தமிழாக்கினார். அப்பெயரிலேயே கே. ராம்நாத் இயக்கத்தில் 1950இல் திரைப்படம் வெளிவந்தது. நாயகனாக வி. நாகையா நடித்தார், காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன் அதன்பின் வாழ்நாள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் என்றே அறியப்பட்டார். அதனாலேயே இக்கட்டுரையும் ஜாவர் என்னும் வடிவத்தைக் கையாண்டது. எதிர்நிலைப் பாத்திரத்தின் பெயர் நடிகர்க்கு இழிவாக அன்றிச் சிறப்பு அடையாகவே நிலைத்தது. இப்பாத்திரத்தைத் தமிழ்ப் பார்வையாளர் வெறுத்து ஒதுக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று எனலாம்.

நீதியின் பெயரால் இறந்தவர் என்றதும் தமிழ் வாசகர்க்குச் சிலப்பதிகாரப் பாண்டியன் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் இருவர்க்கும் வேறுபாடு உண்டு. பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான்; செங்கோல் வளைந்தது என்று உணர்ந்து உயிர்நீத்தான். அவன் சாவு நீதியை மீண்டும் நிலைநிறுத்தியது. ஜாவரின் கோல் ஒருபோதும் வளையவில்லை. வளையாத அக்கோலே போதாது என்பதை அறிந்து அவர் மாள்கிறார். அவர் சாவினால் எதுவும் நிலைநிறுத்தப்படவில்லை.

முடிவுரை

ஜாவரின் நோக்கம் பிறப்பின் இழிவிலிருந்து தப்பும் முயற்சியில் தோன்றி, ஒழுங்கின்மீது கொண்ட பக்தியாக வளர்ந்தது. அவருடைய உள்முரண், ஈடு கேளாத மன்னிப்பை எதிர்கொண்டபோது தோன்றியது. அதனை இசைநாடகம் நாயகனின் மெட்டையே அவர்க்கு அளித்து உணர்த்துகிறது. எதிர்நிலைப் பாத்திரத்தைப் புரிந்துகொள்ளுதல் அதனை விடுவித்தல் ஆகாது. ஃபான்டீனின் படுக்கையருகே மறுக்கப்பட்ட மூன்று நாள்கள் மறுக்கப்பட்டவையே. ஜாவரின் நேர்மை அந்த இழப்பை ஈடுசெய்யாது. ஆனால் அக்கொடுமையைச் செய்தவர் வேறுவகை மனிதர் என்று ஒதுக்கிவிட இந்நாடகம் இடந்தரவில்லை. திருடனும் காவலரும் ஒரே மெட்டில் பாடுவதைக் கேட்டபின், மனிதரை இருவகையாகப் பிரித்து எண்ணிடுவதில் ஜாவர் செய்த பிழையை, ஜாவரைப் பற்றி நாமும் செய்தல் ஆகாது.